கோ-4 தீவனப்புல்லுக்கு விதையே கிடையாதா? பின்னால் இருக்கும் குரோமோசோம் கணக்கு!

பொள்ளாச்சி, பல்லடம், காங்கேயம் பக்கம் மாடு வளர்ப்பவர்களுக்கு கோ-4 புல்லை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. புதிதாக மாடு வாங்குபவர்கள் கேட்கும் முதல் கேள்வி: "இதுக்கு விதை எங்கங்க கிடைக்கும்?" பதில்: எங்கேயும் கிடைக்காது. ஏன்?

கோ-4 என்றால் என்ன?

'கோ' என்பது கோயம்புத்தூரைக் குறிக்கும். கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2008-ல் வெளியிட்ட கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் இது. நம்ம ஊர் கோ-8 கம்பையும், ஆப்பிரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்ட யானைப்புல் எனப்படும் நேப்பியரையும் இணைத்து உருவாக்கப்பட்டது. கம்பின் மென்மையும் நேப்பியரின் வேகமும் இதில் சேர்ந்திருக்கின்றன.

விதை ஏன் பிடிப்பதில்லை?

கம்பின் செல்லில் 14 குரோமோசோம்கள். நேப்பியரில் இரண்டு மடங்கு, அதாவது 28. நேப்பியரின் குரோமோசோம்களில் ஒரு பாதி கம்போடு நெருங்கிய உறவு, மறுபாதி வேறு வம்சம்.

மகரந்தமும் கருமுட்டையும் உருவாகும்போது குரோமோசோம்கள் ஜோடி சேர்ந்து, சரிபாதியாகப் பிரியணும். ஒட்டுப்புல்லுக்கு கம்பிலிருந்து 7, நேப்பியரிலிருந்து 14, மொத்தம் 21 வருகிறது. 21-ஐ எப்படி இரண்டாகப் பிரிப்பது? கம்பின் 7, நேப்பியரில் உள்ள உறவுக்கார 7-உடன் ஜோடி சேரும். மீதி 7 துணையில்லாமல் நிற்கும். கணக்கு குழம்பிவிடும். அதனால் கதிர் வந்தாலும் மணி பிடிக்காது.

இது குறையா?

ஒரு வகையில் லாபம்தான். கரணை மூலம் வளரும் ஒவ்வொரு தூரும் தாய்ப்புல்லின் அச்சு அசல். ரகம் கலப்படமாகாது. ஒருமுறை வாங்கினால் போதும், அடுத்த வயலுக்கு நம் வயலிலிருந்தே கரணை வெட்டிக்கலாம்.

இந்த மலட்டுத்தன்மையைப் போக்கவும் வழி உண்டு. கோல்ச்சிசின் என்ற வேதிப்பொருளால் 21-ஐ 42 ஆக இரட்டிப்பாக்கினால், எல்லாவற்றுக்கும் ஜோடி கிடைத்து விதை பிடிக்கும். ஆனால் நம் வயல்களில் இருக்கும் கோ-4 அப்படிப்பட்டதல்ல.

விவசாயிகள் கவனிக்க வேண்டியது

'கோ-4 விதை' என்று யாராவது பாக்கெட்டில் கொடுத்தால் வாங்காதீங்க. இரண்டு பருக்கள் உள்ள கரணையாக வாங்கி, 50 செ.மீ. இடைவெளியில் நடணும். ஏக்கருக்கு சுமார் 16,000 கரணை தேவைப்படும். முதல் அறுவடை 75-80 நாளில், பிறகு 45 நாளுக்கு ஒருமுறை.

விதையாகத்தான் வேணும் என்றால் கோ எஃப்.எஸ். 29 தீவனச்சோளம் இருக்கு. அதுவும் மறுதாம்பு விட்டு பலமுறை அறுக்கக்கூடியதுதான்.