தன்பாலினத் திருமணம்: கோயில் சடங்கும் அரசுப் பதிவும் சந்திக்கும் இடம் எது?

திருப்பதி: தன்பாலினத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் கோரும் விவாதங்களில், 'அங்கீகாரம் அளித்தால் கோயில்களும் தேவாலயங்களும் அத்திருமணங்களை நடத்தியாக வேண்டுமா?' என்ற கேள்வி தவறாமல் எழுகிறது. நாள்தோறும் திருமணங்கள் நடைபெறும் திருமலையை உள்ளடக்கிய திருப்பதி, சித்தூர் மாவட்டங்களில் இக்கேள்விக்குக் கூடுதல் பொருள் உண்டு.

சடங்கும் சட்டமும்

1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 7ஆவது பிரிவின்படி, மணமக்களில் ஒருவரது வழக்கப்படியான சடங்குகள் நடைபெற்றால்தான் திருமணம் செல்லுபடியாகும். சடங்கு இல்லாத நிலையில் பதிவுச் சான்றிதழ் மட்டும் திருமணத்தை உருவாக்காது என உச்ச நீதிமன்றம் 2024இல் தெளிவுபடுத்தியது. அதாவது, சமயச் சடங்கே வாரிசுரிமை உள்ளிட்ட குடிமை உரிமைகளுக்கு வாயிலாக அமைகிறது.

புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணங்களைச் செல்லுபடியாக்கும் 7ஏ பிரிவைத் தமிழ்நாடு அரசு 1967இல் கொண்டுவந்தது. ஆனால், 1953இலேயே ஆந்திர மாநிலத்துடன் இணைந்த சித்தூர் பகுதிக்கு அப்பிரிவு பொருந்தாது.

சடங்கு வேண்டாதவர்களுக்கான வழி, 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம். 30 நாள் அறிவிப்புக்குப் பின், திருமண அலுவலர் முன்பு மூன்று சாட்சிகளுடன் உறுதிமொழி அளித்தால் போதும். எனினும், ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 என வயது வரம்பு குறிப்பிடப்பட்டிருப்பதால், தன்பாலின இணையரின் விண்ணப்பங்கள் இதன் கீழும் ஏற்கப்படுவதில்லை.

உச்ச நீதிமன்றம் கூறியது என்ன?

இவ்வழக்கை 2023 ஏப்ரலில் விசாரிக்கத் தொடங்கியபோதே, மதங்களின் தனிநபர் சட்டங்களுக்குள் செல்லப்போவதில்லை என ஐந்து நீதிபதிகள் அமர்வு தெரிவித்துவிட்டது. சிறப்புத் திருமணச் சட்டம் மட்டுமே பரிசீலிக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 17 அன்று வெளியான தீர்ப்பில், திருமணம் அடிப்படை உரிமை அல்ல என்றும், சட்டம் இயற்றுவது நாடாளுமன்றத்தின் பணி என்றும் அமர்வு கூறியது. சீராய்வு மனுக்கள் 2025 ஜனவரியில் தள்ளுபடி செய்யப்பட்டன.

அதேவேளையில், சேர்ந்து வாழும் உரிமை மறுக்கப்படவில்லை. பெற்றோர் வீட்டில் தடுத்து வைக்கப்பட்ட தன் இணையை மீட்கக் கோரி விஜயவாடாவைச் சேர்ந்த பெண் தாக்கல் செய்த ஆட்கொணர்வு மனுவில், வயது வந்த இருவரும் விரும்பியபடி சேர்ந்து வாழலாம் என ஆந்திர உயர் நீதிமன்றம் 2024 டிசம்பரில் உத்தரவிட்டது. 2025 மே மாதத்தில் இதேபோன்றதொரு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியல்ல எனக் குறிப்பிட்டது.

சேர்ந்து வாழ்வதால் மட்டும் திருமணத்தின் பலன்கள் கிடைத்துவிடுவதில்லை. கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கவும், இணையை நியமனதாரராகக் குறிப்பிடவும் தடையில்லை என மத்திய நிதி அமைச்சகம் 2024 ஆகஸ்டில் விளக்கமளித்தது. ஆனால், உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால், சட்டப்படியான வாரிசு என்ற தகுதி இணைக்கு இல்லை.

கோயில்கள் கட்டாயப்படுத்தப்படுமா?

தன்பாலினத் திருமணத்தை ஏற்ற இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளுக்கான 2013ஆம் ஆண்டுச் சட்டம், எந்தச் சமய அமைப்பும் அவற்றை நடத்தக் கட்டாயப்படுத்தப்படாது என வெளிப்படையாகக் கூறுகிறது. பதிவு அரசின் கடமை. சடங்கு சமயத்தின் முடிவு என்பதே அங்குள்ள ஏற்பாடு.

இந்தியாவில் அரசுக்கும் சமயத்துக்கும் இடையே அத்தகைய தெளிவான கோடு இல்லை. திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் அறங்காவலர் குழுவை மாநில அரசே நியமிக்கிறது. அதன் செயல் அலுவலரும் அரசு அதிகாரியே. சமயம் சார்ந்த நிர்வாக, நிதிச் செயல்பாடுகளை ஒழுங்குபடுத்த அரசியலமைப்பின் 25ஆவது பிரிவு அரசுக்கு அதிகாரம் வழங்குகிறது. அதே பிரிவு வழிபாட்டு உரிமையையும் பாதுகாக்கிறது.

எனவே, வருங்காலத்தில் நாடாளுமன்றம் சிறப்புத் திருமணச் சட்டத்தை மட்டும் திருத்தினால், மாற்றம் சார்பதிவாளர் அலுவலகத்தோடு நின்றுவிடும். கோயில் சடங்குகளை அது தொடாது. இந்து திருமணச் சட்டத்தைத் திருத்தினால் மட்டுமே சடங்கு குறித்த கேள்வி எழும். இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பது, நம்பிக்கையாளர்களின் அச்சத்தையும் இணையரின் கோரிக்கையையும் தனித்தனியே எடைபோட உதவும்.