புனே தந்த படிப்பு, தராத பட்டம்

அறுபத்தைந்து ஆண்டுகளாக டிப்ளமா மட்டுமே கொடுத்துவந்த திரைப்படக் கல்லூரி இப்போது நிகர்நிலைப் பல்கலைக்கழகம். ஆனால் சினிமா படிக்க நினைக்கும் மாணவன் போட வேண்டிய கணக்கு வேறு.

1962ல் திண்டுக்கல் அருகே அரசு வேலையில் இருந்த ஒரு மலையாள இளைஞர் ராஜினாமா கடிதம் கொடுத்தார். காந்திகிராமத்தில் பொருளாதாரமும் அரசியலும் படித்தவர் அவர். நாலு ஆண்டுகள் கழித்து, இலங்கை நில அளவைத் துறையில் வரைவாளராக இருந்த மட்டக்களப்புத் தமிழர் ஒருவரும் அதேபோல வேலையை உதறிவிட்டுக் கப்பலேறாத குறையாகப் புறப்பட்டார். இன்னொரு கேரளத்துக்காரர் கைவிட்டது எல்.ஐ.சி. உத்தியோகத்தை. மூவரும் போய்ச் சேர்ந்த இடம் ஒன்றுதான். புனே, லா காலேஜ் ரோட்டிலுள்ள திரைப்படக் கல்லூரி. அடூர் கோபாலகிருஷ்ணன், பாலு மகேந்திரா, ஜான் ஆபிரகாம் என்று பின்னாளில் நாடறிந்த அந்த மூவருக்கும் அங்கே கிடைத்தது ஒரு டிப்ளமா. பட்டம் அல்ல.

அந்தக் காலத்து நடுத்தரக் குடும்பத்தில் இது எப்படிப்பட்ட பேரிடியாக விழுந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பென்ஷனுள்ள வேலையைக் கொடுத்துவிட்டு ஒரு காகிதத்தை வாங்கிக்கொள்வது. இன்றும் வீட்டில் 'சினிமா படிக்கப் போகிறேன்' என்று சொல்லும் மகனிடமோ மகளிடமோ பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, 'அதற்கு டிகிரி உண்டா?' என்பதுதான்.

அந்தக் கேள்விக்கு புனேயிலிருந்து பதில் வர 65 ஆண்டுகள் ஆயின. 2025 ஏப்ரலில் மத்திய அரசு இந்தக் கல்லூரியையும் கல்கத்தாவிலுள்ள சத்யஜித் ராய் திரைப்படக் கல்லூரியையும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களாக அறிவித்தது. இனி இவை டாக்டர் பட்டம் வரை வழங்கலாம். கல்லூரிகளில் சினிமா சொல்லித்தர விரும்புபவர்களுக்கும் ஆராய்ச்சி செய்பவர்களுக்கும் இது நல்ல சேதி. வெளிநாட்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பிப்பவர்களும் 'டிப்ளமா' என்ற சொல்லுக்கு விளக்கவுரை எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். மற்றபடி, கோடம்பாக்கத்தில் எந்தத் தயாரிப்பாளரும் மதிப்பெண் பட்டியலைக் கேட்டு வாய்ப்புக் கொடுத்ததாக வரலாறு இல்லை.

கல்லூரி இருக்கும் இடமே ஒரு சினிமா கம்பெனியின் மிச்சம்தான். சாந்தாராமும் கூட்டாளிகளும் 1929ல் கோலாப்பூரில் தொடங்கிய பிரபாத் நிறுவனம் 1933ல் புனேக்கு வந்தது. வெனிஸ் விழாவில் பாராட்டுப் பெற்ற 'சந்த் துக்காராம்' (1936) பிரபாத்தின் படம். நிறுவனம் நொடித்துப்போன பிறகு, அந்த ஸ்டுடியோவில்தான் 1960ல் மத்திய அரசு கல்லூரியை நிறுவியது. டெல்லியிலிருந்து தொலைக்காட்சிப் பிரிவு வந்து ஒட்டிக்கொண்டது 1974ல். இடையே 1964ல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகமும் இதே ஊரில் அமைந்தது. பி.கே. நாயர் தேடித் தேடிச் சேர்த்த படச் சுருள்கள் மாணவர்களின் திரைக்கு வந்தன. பாலு மகேந்திரா த்ரூஃபோவையும் கோதாரையும் பார்த்தது புனேயில்தான். அறுபதுகளில் ரித்விக் கட்டக் துணை முதல்வராக இருந்து, வகுப்பறையைவிட வளாகத்து மாமரத்தடியில் அதிகம் பாடம் நடத்தினார். அந்த மரத்தை 'ஞான மரம்' என்றே இன்றும் அழைக்கிறார்கள்.

நாலு பேர், ஒரு படம்

படிப்பின் உயிர்நாடி புத்தகத்தில் இல்லை; பயிற்சிப் படங்களில் இருக்கிறது. இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலிப்பதிவு என்று பிரிவுக்கு ஏறத்தாழ பத்துப் பன்னிரண்டு பேர். ஒவ்வொரு பயிற்சிப் படத்துக்கும் பிரிவுக்கு ஒருவராக நாலு பேர் சேர வேண்டும். இயக்கம் படிப்பவர் தன் இஷ்டத்துக்குக் காமிராவைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. எடிட்டர் 'இந்த ஷாட் தேறாது' என்றால் உட்கார்ந்து வாதாட வேண்டும். இறுதியில் எடுப்பது டிப்ளமா படம். தமிழ் சினிமாவில் எல்லாம் தெரிந்த ஒற்றை மனிதராக இயக்குநரைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்கும். ஆனால் புனேயிலிருந்து இயக்குநர்களுக்கு நிகராக ஒளிப்பதிவாளர்களும் எடிட்டர்களும் ஒலிப்பதிவாளர்களும் பெயர் பெற்றதற்குக் காரணம் இந்த ஏற்பாடுதான்.

விரும்பிய பிரிவு கிடைக்காமல் போவதும் உண்டு. பாலு மகேந்திரா ஒளிப்பதிவில் சேர்ந்தது மற்றப் பிரிவுகளில் இடம் கிடைக்காததால். நாக்பூரில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தியவரின் மகனான ராஜ்குமார் ஹிரானிக்கு நடிப்பு ஆசை. 1976ல் மூடப்பட்ட நடிப்புப் பிரிவு 2004ல்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் போன ஹிரானி எடிட்டிங் படித்தார். அவருடைய 'முன்னாபாய்' தமிழில் 'வசூல்ராஜா'வாகவும், '3 இடியட்ஸ்' 'நண்பன்' ஆகவும் வந்தன.

மூன்று ஆண்டு என்பது எத்தனை ஆண்டு?

திட்டமிடுபவர்கள் சறுக்குவது இங்கேதான். காகிதத்தில் மூன்றாண்டுப் படிப்பு. ஆனால் 2008ல் சேர்ந்தவர்கள் 2015லும் டிப்ளமா படங்களை முடிக்காமல் வளாகத்தில் இருந்தார்கள். அரைகுறையாக நின்ற படங்களை அப்படியே மதிப்பிடுவது என்று நிர்வாகம் முடிவெடுத்தபோது, ஆகஸ்டில் மாணவர்கள் இயக்குநரை முற்றுகையிட்டனர். நள்ளிரவில் போலீஸ் வந்து ஐந்து மாணவர்களைக் கைது செய்தது. தலைவராக கஜேந்திர சவுகான் நியமிக்கப்பட்டதை எதிர்த்து அந்த ஆண்டு ஜூனில் தொடங்கிய வேலைநிறுத்தத்தின் நடுவில் நடந்தது இது. 139 நாள் நீடித்த போராட்டம் கோரிக்கை நிறைவேறாமலே முடிந்தது. 2019 டிசம்பரில் கட்டண உயர்வுக்காக உண்ணாவிரதம். (2023ல் தலைமைப் பொறுப்புக்கு நியமிக்கப்பட்டவர் நடிகர் மாதவன்.)

2015 போராட்டத்தில் முன்னணியில் நின்ற பாயல் கபாடியா, 2012ல் இயக்கப் பிரிவில் சேர்ந்தவர். மாணவியாக எடுத்த குறும்படம் கான் விழாவுக்குப் போனது 2017ல். 2024ல் அவருடைய 'ஆல் வி இமாஜின் அஸ் லைட்' கான் விழாவில் கிராண்ட் ப்ரீ வாங்கியது. அந்தப் போட்டிப் பிரிவுக்கு முப்பது ஆண்டுகளுக்கு முன் கடைசியாகச் சென்ற இந்தியப் படம் ஷாஜி கருணின் 'ஸ்வாஹம்'. அவரும் புனேயில் ஒளிப்பதிவு படித்தவர்.

படிப்பு முடிந்த பிறகும் காத்திருப்பு இருக்கிறது. அடூர் வெளியே வந்தது 1965ல். முதல் படம் 'சுயம்வரம்' 1972ல். பாலு மகேந்திரா டிப்ளமா வாங்கியது 1969ல். முதலில் ஒப்பந்தமான 'நெல்லு' திரைக்கு வர 1974 ஆயிற்று. தானே இயக்கிய முதல் படம் 'கோகிலா' (1977) கன்னடத்தில். தமிழில் 'அழியாத கோலங்கள்' 1979ல். ஆக, பத்தாண்டுகள். பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி 'டிகிரி உண்டா' என்பதல்ல, 'இந்தப் பத்தாண்டுகளுக்குச் சோறு எங்கிருந்து வரும்' என்பது. ஒளிப்பதிவோ எடிட்டிங்கோ ஒலிப்பதிவோ படித்தவருக்கு அதற்குச் சீக்கிரம் விடை கிடைக்கும். இயக்கம் மட்டும் படித்தவருக்குத் தாமதமாகும்.

தமிழ்நாட்டில் இருந்தபடியே படிக்க வழியில்லாமல் இல்லை. 1945ல் சென்னை சென்ட்ரல் பாலிடெக்னிக்கில் தொடங்கிய சினிமாப் படிப்பு புனேக்கும் மூத்தது. பி.சி. ஸ்ரீராம், நாசர், ருத்ரய்யா எல்லாம் அந்த 'அடையாறு இன்ஸ்டிட்யூட்' தந்தவர்கள். 'ஊமை விழிகள்' (1986) அந்த மாணவர்களின் கூட்டுப் படை. இன்று எம்.ஜி.ஆர். பெயர் தாங்கித் தரமணியில் இருக்கும் அந்த அரசு நிறுவனத்தில், பிளஸ் டூ முடித்ததும் நான்காண்டுப் பட்டப் படிப்பில் சேரலாம். கல்லூரி வாசலையே மிதிக்காத குருகுலமும் இருக்கிறது. புனேயில் படித்ததை பாலு மகேந்திரா தன் உதவியாளர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். 'சேது'வின் பாலாவும் 'பொல்லாதவன்' வெற்றிமாறனும் அப்படி வந்தவர்கள்.

புனேயையே குறிவைப்பவர்கள் பிளஸ் டூவிலேயே யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. முக்கியமான எல்லாப் பிரிவுகளுக்கும் ஏதாவதொரு இளநிலைப் பட்டம் போதும். ஆனால் ஒலிப்பதிவுக்குப் பள்ளியில் இயற்பியல் படித்திருக்க வேண்டும். ரசூல் பூக்குட்டி இயற்பியல் பட்டதாரி. 1995ல் புனேயிலிருந்து வெளியே வந்து, 2009ல் 'ஸ்லம்டாக் மில்லியனர்' ஒலிக்கலவைக்காக ஆஸ்கர் வாங்கினார். வணிகவியல் எடுத்துவிட்டுப் பிறகு ஒலிமீது காதல் வந்தால் அந்தக் கதவு திறக்காது. எழுத்துத் தேர்வைத் தாண்டினால் புனேயில் செய்முறைச் சோதனையும் நேர்காணலும். அங்கே ஆங்கிலம் தடுமாறினாலும் பார்த்த படங்களைப் பற்றிப் பேசத் தெரிந்தால் தப்பிக்கலாம். படமே பார்க்காமல் போனவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள்.

மூன்றாண்டுக்குக் குடும்பம் தாங்காது என்றால் தொலைக்காட்சிப் பிரிவில் ஓராண்டுப் படிப்புகள் இருக்கின்றன. திரைப்படப் பிரிவு மாணவர்கள் கொஞ்சம் இளப்பமாகப் பார்க்கும் படிப்பு அது. மைசூரைச் சேர்ந்த சிதானந்த நாயக் என்ற எம்.பி.பி.எஸ். டாக்டர் அதில்தான் சேர்ந்தார். ஊர்ச் சேவலைக் கிழவி திருடிவிட, விடியாமலே போகும் கன்னட நாட்டுப்புறக் கதையை ஆண்டிறுதிப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டார். படப்பிடிப்புக்குக் கிடைத்தது நாலு நாள். 2024 மே மாதம் கான் விழாவில் உலகத் திரைப்படக் கல்லூரி மாணவர்களுக்கான போட்டியில் முதல் பரிசு அந்தப் படத்துக்கு.