எந்த வகுப்புக்கு வாத்தியார்? பி.எட். சேரும் முன் பார்க்க வேண்டியவை

ஜூன், ஜூலை வந்தால் பஸ் ஸ்டாண்டுச் சுவர்களில் அந்த நோட்டீஸ் தவறாமல் வந்துவிடும். ‘பி.எட்., எம்.எட். அட்மிஷன். வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கலாம். கல்லூரிக்கு வரத் தேவையில்லை.’ கீழே இரண்டு செல்போன் எண்கள் இருக்கும், கல்லூரியின் பெயர் மட்டும் இருக்காது. பெயரே இல்லாத அந்த நோட்டீஸை நம்பி நகையை அடகு வைத்துப் பணம் கட்டும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. பி.எட். முடித்துவிட்டால் எந்தப் பள்ளியிலும் வாத்தியார் ஆகிவிடலாம் என்ற பழைய நம்பிக்கைதான் காரணம். அது எப்போதோ காலாவதியாகிவிட்டது.

பணம் கட்டும் முன் முடிவு செய்ய வேண்டியது ஒன்றுதான்: எந்த வகுப்புக்குப் பாடம் எடுக்கப் போகிறீர்கள்?

ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை என்றால் பி.எட். செல்லாது. பிளஸ் டூவுக்குப் பிறகு இரண்டு ஆண்டு படிக்கும் தொடக்கக் கல்விப் பட்டயம்தான் (டி.எல்.எட்.) தகுதி. 2018-ல் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம், அதாவது என்.சி.டி.இ., பி.எட். படித்தவர்களையும் தொடக்க வகுப்புகளுக்கு அனுமதித்தது. அந்த அறிவிப்பை உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்ட் 11-ல் ரத்து செய்துவிட்டது. அந்தத் தேதிக்கு முன்பே பணியில் சேர்ந்தவர்களுக்குப் பிறகு பாதுகாப்புக் கிடைத்தது. புதிதாகப் படிக்கப் போகிறவருக்கு அந்த வழி இல்லை.

ஆறு முதல் பத்தாம் வகுப்புவரை எடுக்கும் பட்டதாரி ஆசிரியருக்குப் பட்டம், பி.எட்., ஆசிரியர் தகுதித் தேர்வின் (டெட்) இரண்டாம் தாள் மூன்றும் வேண்டும். டெட் தேறிவிட்டால் வேலை உறுதி என்று கோச்சிங் சென்டர்கள் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். டெட் தேர்ச்சி பெற்றவர்களுக்குத் தனியாக ஒரு நியமனப் போட்டித் தேர்வு உண்டு என்று 2018-லேயே அரசாணை வந்துவிட்டது. டெட் சான்றிதழ் ஆயுள் முழுதும் செல்லும் என்பது மட்டும் ஆறுதல். ஏற்கெனவே பணியில் இருப்பவர்களையும் டெட் விட்டுவைக்கவில்லை. ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு ஆண்டுக்குள் டெட் தேற வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பிளஸ் ஒன், பிளஸ் டூ எடுக்க முதுகலையும் பி.எட்.டும் வேண்டும். அரசுப் பணிக்கு ஆசிரியர் தேர்வு வாரியத்தின் (டி.ஆர்.பி.) தேர்வு. இங்கே பலர் விழும் பள்ளம் ‘கிராஸ் மேஜர்’. இளங்கலையில் ஒரு பாடம், முதுகலையில் வேறு பாடம் என்று படித்தவர்கள் தேர்வில் மதிப்பெண் வாங்கியும் சான்றிதழ் சரிபார்ப்பில் வெளியே அனுப்பப்படுகிறார்கள். பட்டத்தின் பெயரில் ‘அப்ளைடு’, ‘வித் கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ்’ என்று ஏதாவது ஒட்டியிருந்தாலும் கேள்வி வரும். உங்கள் பல்கலைக்கழகத்தின் அந்தக் குறிப்பிட்ட பட்டம், மூலப் பாடத்துக்கு இணையானது என்று அரசாணை இருக்கிறதா என்று பி.எட். சேரும் முன்பே பார்த்துவிடுங்கள். இரண்டு ஆண்டும் பணமும் போன பிறகு பார்த்துப் பயனில்லை.

எம்.எட். பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. கல்வியியல் கல்லூரியில் ஆசிரியர் ஆக நினைப்பவர்களுக்கான படிப்பு அது. அந்த வேலைக்கும் பாடத்தில் முதுகலை, பிறகு நெட், செட் தகுதித் தேர்வு அல்லது பிஎச்.டி. என்று தொடர வேண்டும். பள்ளி ஆசிரியர்கள் ஊக்க ஊதியத்துக்காக எம்.எட். படித்த காலம் ஒன்று இருந்தது. அந்தச் சலுகையைத் தமிழக அரசு 2020-ல் நிறுத்திவிட்டது.

படிப்பு முடிவானால் அடுத்தது கல்லூரி. தமிழ்நாட்டில் பி.எட். கல்லூரிக்கு இரண்டு அனுமதி கட்டாயம்: என்.சி.டி.இ. அங்கீகாரம், தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் இணைப்பு. அங்கீகாரம் இல்லாத இடத்தில் வாங்கிய பட்டம் அரசுப் பள்ளியிலோ அரசு உதவிபெறும் பள்ளியிலோ வேலைக்குச் செல்லாது என்று 1993-ஆம் ஆண்டின் என்.சி.டி.இ. சட்டம், 17-ஆம் பிரிவில் நேரடியாகவே சொல்கிறது.

ஆபீஸ் சுவரில் பிரேம் போட்டு மாட்டியிருக்கும் அங்கீகார ஆணையைத் தூரத்தில் இருந்து பார்த்துவிட்டு வராதீர்கள். கிட்டப் போய்ப் படியுங்கள். நீங்கள் நிற்கும் கட்டடத்தின் முகவரிதானா? படிப்பின் பெயர் சரியா? ஆண்டுக்கு எத்தனை இடம்? பி.எட்.டில் ஒரு யூனிட் என்பது 50 மாணவர்கள். 50 இடம் அனுமதி பெற்றுவிட்டு 70 பேரைச் சேர்த்தால், மிச்சம் 20 பேரின் பெயர் பல்கலைக்கழகப் பதிவில் ஏறாது. அது தெரியவருவது பெரும்பாலும் தேர்வு நேரத்தில்தான். அப்படியே வகுப்பறைப் பக்கமும் ஒரு நடை போங்கள். ஆண்டுக்கு 100 இடம் உள்ள கல்லூரியில் 16 முழுநேர ஆசிரியர்கள் இருக்க வேண்டும் என்பது 2014 விதி. நாலு பேர்தான் கண்ணில் பட்டால் மற்றவர்கள் காகிதத்தில் இருக்கிறார்கள் என்று பொருள்.

இனி அந்த ‘வரத் தேவையில்லை’ விவகாரம். விதிப்படி வகுப்புக்கு 80 சதவீத வருகை, பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீதம். பயிற்சி மட்டுமே இரண்டு ஆண்டிலும் சேர்த்து 20 வாரம். வராத மாணவருக்கு இந்த வருகையைக் கல்லூரி எப்படிக் காட்டும்? பதிவேட்டில் பொய் எழுதித்தான். ரெக்கார்டு நோட்டை யாரோ எழுதுவார்கள், பயிற்சிப் பள்ளியின் முத்திரையை யாரோ வாங்கி வருவார்கள், அதற்கெல்லாம் தனித் தொகை கறக்கப்படும். நீங்கள் அதே நாட்களில் வேறொரு நிறுவனத்தில் சம்பளம் வாங்கியது பி.எஃப். கணக்கில் பதிவாகியிருக்கும். பின்னால் ஒரு புகார் கிளம்பினால் மாட்டுவது ஏஜென்ட் இல்லை, நீங்கள். வெளிமாநிலத்துப் பட்டத்தை ‘ஏற்பாடு’ செய்து தருகிறவர்களும் உண்டு. அரசுப் பணியில் சேர்ந்த பிறகும் உண்மைத்தன்மைச் சான்று கேட்டுப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் போகும் என்பதை அவர்கள் சொல்வதில்லை.

தொலைநிலைக் கல்வியில் பி.எட். இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. அது நேரடி வகுப்பில் ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களுக்கும், பணியில் உள்ள பயிற்சி பெற்ற தொடக்கநிலை ஆசிரியர்களுக்கும் மட்டும். நேற்று டிகிரி முடித்தவருக்கு இல்லை. இப்போது ‘ஓராண்டு பி.எட்.’ என்றும் விளம்பரம் வருகிறது. நான்காண்டு இளங்கலை அல்லது முதுகலை முடித்தவர்களுக்கு அப்படி ஒரு படிப்பை 2025-ல் என்.சி.டி.இ. வரைவு விதியில் முன்வைத்தது உண்மை. வரைவைக் காட்டிச் சீட்டு விற்றால், அரசிதழில் வந்த இறுதி விதியையும் அந்தப் படிப்புக்கு அந்தக் கல்லூரி பெற்ற ஆணையையும் காட்டச் சொல்லுங்கள்.

செலவுக்குப் பயந்து ஏஜென்டிடம் போகிறவர்கள் அரசு இடங்களை முயன்றுகூடப் பார்ப்பதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். சைதாப்பேட்டை, சென்னை லேடி வெலிங்டன், வேலூர், குமாரபாளையம், ஒரத்தநாடு, புதுக்கோட்டை, கோவை என்று ஏழு அரசுக் கல்லூரிகள் இருக்கின்றன. உதவிபெறும் கல்லூரிகளிலும் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் உண்டு. இட ஒதுக்கீட்டின்படி, மதிப்பெண் அடிப்படையில் கவுன்சலிங். விண்ணப்ப அறிவிப்பு கோடையில் வரும். தவறவிட்டால் ஒரு வருடம் போச்சு.

தனியார் கல்லூரியில் சேர்ந்தால், அரசுக் குழு நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் வாங்குவது 1992-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டப்படி குற்றம். கட்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது கேளுங்கள். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2018-ல் அறிவித்திருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றமும் சான்றிதழ் ஒன்றும் அடகுப் பொருள் இல்லை என்ற நிலையையே எடுத்திருக்கிறது. சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்னதாக விலகினால் முழுக் கட்டணமும் திரும்ப வரும். அதிகபட்சம் 5,000 ரூபாய்க்கு உட்பட்டு 5 சதவீதம்தான் பிடிக்கலாம். நாள் தள்ளத் தள்ளத் தொகை குறையும். கடைசி நாள் கடந்து 30 நாளுக்கு மேல் ஆகிவிட்டால் ஒன்றும் கிடைக்காது.

தகராறு வந்தால் முதலில் எழுத்தில் கொடுங்கள், போனில் சண்டை போடுவதால் ஆதாரம் எதுவும் மிஞ்சாது. கல்லூரியின் மாணவர் குறைதீர் குழு 15 வேலை நாளில் பதில் தர வேண்டும். திருப்தி இல்லையென்றால் அடுத்த 15 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு. ஆசிரியர் பட்டியல், அனுமதித்த இடங்கள், கட்டண ஆணை ஆகியவற்றைப் பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் பல்கலைக்கழகத்திடமே கேட்டு வாங்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். நுகர்வோர் நீதிமன்றத்தை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020-ல் சொல்லிவிட்டது. சான்றிதழைப் பிடித்து வைத்தால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். ஏஜென்ட் பணத்தோடு மறைந்தால் அது மோசடி வழக்கு, போலீஸில் புகார் கொடுங்கள்.

கல்லூரியின் அங்கீகாரம் நடுவில் ரத்தானால் பதற வேண்டாம். ஆணை வந்த நாளிலேயே அது அமலாகாது. அடுத்து வரும் கல்வியாண்டின் முடிவில் இருந்துதான் அமலாகும் என்று சட்டம் சொல்கிறது. ஏற்கெனவே படித்துக்கொண்டிருப்பவர்கள் அதற்குள் முடித்துக்கொள்ளலாம். ரத்தான பிறகும் சேர்க்கை நடத்தும் கல்லூரியில் சேர்ந்தவர்களுக்குத்தான் அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே முன்பணம் கட்டும் அன்றைக்கே என்.சி.டி.இ. இணையதளத்திலும் பல்கலைக்கழக இணையதளத்திலும் கல்லூரியின் பெயரைத் தேடிப் பாருங்கள். இரண்டிலும் இல்லாத கல்லூரிக்குப் பணம் கட்டாதீர்கள்.