செஸ் செயல்திறன் புள்ளி

ஒரு போட்டித் தொடரில் செஸ் ஆட்டக்காரர் எவ்வளவு வலுவாக ஆடினார் என்பதைக் காட்டும் எண்ணே செயல்திறன் புள்ளி. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த அர்பாத் எலோ வகுத்த தரப்புள்ளி முறைதான் இதற்கு அடிப்படை. உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே 1970-இல் அதை ஏற்றுக்கொண்டது.

முதலில் எதிராளிகளின் தரப்புள்ளிகளுக்குச் சராசரி காண வேண்டும். பிறகு, எடுத்த புள்ளிகளின் விழுக்காட்டுக்கு உரிய எண்ணை ஃபிடே அட்டவணையில் பார்த்து அதோடு கூட்ட வேண்டும். 50 விழுக்காடு எடுத்தவருக்குக் கூட்டல் இல்லை. 75-க்கு 193, 90-க்கு 366. பாதிக்கும் கீழே போனால் கழித்தல்தான்.

2024 புடாபெஸ்ட் ஒலிம்பியாடில் சென்னை வீரர் குகேஷ் 10 ஆட்டங்களில் 8 வெற்றி, 2 டிரா என 9 புள்ளி எடுத்தார். எதிராளிகளின் சராசரியோடு 366 சேர்ந்தபோது கிடைத்தது 3056. முதல் பலகைக்கான தங்கப் பதக்கத்தை அவருக்குத் தந்தது இந்த எண்ணே.

எல்லா ஆட்டங்களையும் வென்றவருக்குச் சூத்திரப்படி எல்லையற்ற எண் வந்துவிடும். அதனால் ஃபிடே 800-உடன் நிறுத்திக்கொள்கிறது. நான்கைந்து ஆட்டங்களில் வந்த எண்ணை அப்படியே நம்பிவிடவும் கூடாது.

செஸ் ஆடும் கணினி நிரல்களின் தரப்புள்ளிகளுக்கும் எலோ முறைதான் அடிப்படை. ஆனால் அவை தமக்குள் ஆயிரக்கணக்கில் ஆடுவதால் அவற்றின் எண் நிலையானது. நிரல்களுக்கான தரப்புள்ளிப் பட்டியலில் ஸ்டாக்ஃபிஷ் போன்றவை 3500-ஐத் தாண்டியிருக்கின்றன. அந்தப் பட்டியலில் மனிதர்கள் ஆடுவதில்லை; ஆகவே அந்த எண்ணை மனிதர்களின் தரப்புள்ளியோடு நேராக ஒப்பிட முடியாது.