கலியாணகிரி விழித்தபோது

கதிர்காமத்தைச் சுற்றி வழங்கும் கதைகளில் கலியாணகிரி என்ற துறவியின் கதை தனியானது. முருகனை மீண்டும் பாரதத்துக்கு அழைத்துப் போய்விட வேண்டும் என்ற உறுதியோடு வடக்கேயிருந்து வந்தவர் அவர். பன்னிரண்டு ஆண்டுகள் காட்டில் கடுந்தவம் செய்தார். அந்தக் காலமெல்லாம் ஒரு வேடச் சிறுவனும் சிறுமியும் அவருக்குப் பணிவிடை செய்தார்கள். கடைசியில் உடல் சோர்ந்து அவர் உறங்கிவிட, சிறுவன் எழுப்பிவிட்டான். பன்னிரண்டு ஆண்டில் வந்த முதல் தூக்கத்தைக் கெடுத்துவிட்டானே என்ற சினத்தில் அவனைத் துரத்திக்கொண்டு ஓடினார். மாணிக்க கங்கையின் நடுவே இருந்த திட்டில் சிறுவன் முருகனாகவும் சிறுமி வள்ளியாகவும் காட்சி தந்தார்கள். இறைவனைத் தம்மோடு வரும்படி துறவி வேண்ட, தன் தாலியைப் பிச்சையாகத் தரும்படி வள்ளி அவரிடம் வேண்டினாள். அவரால் மறுக்க முடியவில்லை. வந்த காரியத்தைக் கைவிட்டு அங்கேயே தங்கினார். கதிர்காமத்தில் திரைக்குப் பின்னால் வைத்து வழிபடப்படும் எந்திரத்தைப் பொறித்தவர் அவரே என்பது ஐதிகம். சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1924இல் வெளியான தமது கட்டுரையில் இந்தக் கதையைப் பதிவுசெய்திருக்கிறார்.

இது நடந்ததா என்ற ஆராய்ச்சி நமக்கு இங்கே வேண்டாம். கதை காட்டும் தவறு எங்கே நிகழ்ந்தது என்று பார்ப்போம். தேடப்பட்டவன் பன்னிரண்டு ஆண்டும் பக்கத்திலேயே இருந்தான். தேடியவரிடம் பக்தியும் குறையவில்லை, உழைப்பும் குறையவில்லை. ஆனால் ‘இவன் வேடச் சிறுவன்’ என்று ஒருமுறை பெயரிட்டுவிட்ட பிறகு, அவனை அவர் மறுபடி திரும்பிப் பார்க்கவில்லை. ஆன்மிக விழிப்பு என்றும் தன்னை அறிதல் என்றும் இன்று நூல்களும் காணொளிகளும் பேசும் விஷயத்தின் நடுக்கரு இதுதான் என்று நினைக்கிறேன். ஒரு பெயரை ஒட்டிவிட்டு, அந்தப் பெயரையே ஆளாக எண்ணிவிடுகிறோம். பிறரிடம் மட்டுமா, நம்மிடமும் அப்படித்தான்.

கதிர்காமம் ஊவா மாகாணத்தின் மொனராகலை மாவட்டத்தில் இருக்கிறது. மாகாணத்தின் மற்ற மாவட்டமான பதுளையில், பசறை, லுணுகலை, பண்டாரவளை, அப்புத்தளை, கொஸ்லந்தை என்று மலைச்சரிவெங்கும் தேயிலைத் தோட்டங்கள். ‘நான் யார்?’ என்று விசாரிக்கும் நூல்கள் ஓய்வும் வசதியும் உள்ளவர்களின் மாலைப் பொழுதுக்கானவை என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. அந்த எண்ணம் பிழையானது என்பதே என் வாதம். அந்த நூல்களை வாசிக்க யாருக்காவது முதல் உரிமை உண்டென்றால், அது தோட்டத்து லயங்களில் வாழ்பவர்களுக்குத்தான். தாம் யார் என்பதைத் தலைமுறை தலைமுறையாகப் பிறர் வாயால் கேட்டு வந்தவர்கள் அவர்கள்.

வரலாற்றைக் கொஞ்சம் பாருங்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்திலிருந்து தோட்டங்களுக்கு ஆள் கொண்டுவரப்பட்டபோது, போய்ச் சேர வேண்டிய தோட்டத்தின் இலக்கம் பொறித்த தகரத் தகடு அவர்களிடம் கொடுக்கப்பட்டது. ஆளை வழிநடத்த அந்த இலக்கமே போதும் என்று நிர்வாகம் கருதியது. தோட்டம் மாற வேண்டுமானால் கடன் கணக்கு எழுதிய ‘துண்டு’ வேண்டும். அந்தத் துண்டு முறை ஒழிய 1921 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிறகு 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. ஏறத்தாழ ஏழு லட்சம் பேர் எந்த நாட்டவரும் அல்லாதவர்கள் ஆனார்கள். 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சமிருந்த 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தார்கள். பத்து ஆண்டு கழித்து அவர்களையும் பாதிக்குப் பாதி பங்கிட்டார்கள். எஞ்சியிருந்தோரின் சிக்கலைத் தீர்க்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. கூலி, கள்ளத்தோணி, இந்தியாக்காரன், நாடற்றவன் என்று எத்தனை பெயர்கள்! ஒன்றுகூட அவர்கள் தமக்குத் தாமே இட்டுக்கொண்டதல்ல.

தகரத் தகடு புழக்கத்தில் இருந்த அதே காலத்தில், 1902ஆம் ஆண்டளவில், திருவண்ணாமலையின் விரூபாட்ச குகையில் பேசாமல் அமர்ந்திருந்த இருபத்திரண்டு வயது இளைஞரிடம் வருவாய்த் துறை ஊழியர் ஒருவர் போய் ஒரு கேள்வி கேட்டார். ஊழியரின் பெயர் சிவப்பிரகாசம் பிள்ளை. இளைஞர், பின்னாளில் ரமண மகரிஷி என்று உலகம் அறிந்தவர். கேள்வி, ‘நான் யார்?’. பதில்கள் எழுத்தில் வந்தன. அவை 1923இல் சிறு நூலாக அச்சாயின. அந்த நூலின் வழி விலக்கும் வழி. உடம்பு நானல்ல, புலன்கள் நானல்ல, எண்ணங்கள் நானல்ல என்று ஒவ்வொன்றாக அகற்றி, எஞ்சி நிற்கும் அறிவே நான் என்கிறது. எண்ணம் எழும்போது, இது யாருக்கு எழுகிறது என்று திரும்பிக் கேட்கச் சொல்கிறது. சடங்கு கேட்கவில்லை, சாதி கேட்கவில்லை, வடமொழி தெரிந்திருக்க வேண்டும் என்று கூடச் சொல்லவில்லை. பிறர் இட்ட பெயர்களால் நெடுங்காலம் அழுத்தப்பட்ட ஒருவர் இதை வாசிக்கும்போது, வசதியான வாசகருக்குக் கிடைக்காத ஒரு தெளிவு அவருக்குக் கிடைக்கக்கூடும். பெயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிவைப்பது அவருக்கு வெறும் தத்துவப் பயிற்சியாக இராது.

இதற்கு நெடுநாள் முன்பே தமிழில் எழுதப்பட்ட தாண்டவராய சுவாமிகளின் ‘கைவல்ய நவநீதம்’ இன்னும் நேரடியானது. ஆற்றைக் கடந்த பத்துப் பேரின் கதை அதில் வருகிறது. எல்லோரும் கரை சேர்ந்தார்களா என்று ஒருவன் எண்ணிப் பார்க்கிறான். ஒன்பது பேரே இருக்கிறார்கள். பத்தாமவன் வெள்ளத்தில் போய்விட்டான் என்று அழுகிறார்கள். வழிப்போக்கன் ஒருவன் வந்து, எண்ணியவனையே காட்டி, ‘பத்தாமவன் நீதான்’ என்கிறான். பதிவேடுகளில் திரும்பத் திரும்ப எண்ணப்பட்ட மக்களிடம் இந்தக் கதை என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். மற்றவர்களின் கணக்கில் ஓர் இலக்கமாக நின்றவர், எண்ணுகிற அறிவு தனக்குள்ளும் இருப்பதைக் காண்கிறார். இந்த நூலில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் அமைப்பு. முதற்பகுதி தத்துவத்தை விளக்குகிறது. இரண்டாம் பகுதி முழுவதும் சீடனின் சந்தேகங்களைத் தீர்ப்பதற்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஐயம் கேட்பதை அவமரியாதையாகக் கருதாத மரபு நம்முடையது.

ஆகவே நம் ஐயங்களையும் வைப்போம். நாள் முழுக்க மலையில் நின்று கொழுந்து பறித்து, நிறுவையில் கிலோ குறைந்தால் அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போடுவார்களோ என்ற கவலையோடு வீடு திரும்பும் பெண்ணுக்கு ‘நான் யார்?’ எதற்கு என்று கேட்பார்கள். கேட்பவரின் கரிசனம் உண்மையானது. ஆனால் அதற்குள் ஒரு தாழ்வெண்ணமும் ஒளிந்திருக்கிறது. வயிற்றுக்கு மேல் அவளுக்கு எதுவும் தேவைப்படாது என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம். இந்தத் தேடலில் ஆழ்ந்தவர்களின் தொழிலைப் பார்த்தால் கபீர் நெசவாளி. பம்பாயின் நிசர்கதத்தர் பீடிக்கடை நடத்தியவர். யாழ்ப்பாணத்து யோகர் சுவாமி இரணைமடு நீர்ப்பாசன வேலையில் களஞ்சியக் காப்பாளராக இருந்தவர். களைப்பு தடைதான், மறுக்கவில்லை. களைத்தவர்களுக்குக் கேள்வி எழாது என்பதைத்தான் மறுக்கிறேன். சாவு வீட்டில், கோயில் திருவிழாவில், விடிய விடிய நடக்கும் அர்ச்சுனன் தபசுக் கூத்தில், அர்ச்சுனன் தவசு மரம் ஏறுவதைப் பார்த்து நிற்கும் கூட்டத்தில் அந்தக் கேள்வி எப்போதும் இருந்திருக்கிறது.

இதைவிடக் கனமான எதிர்வாதம் ஒன்று உண்டு. இத்தகைய நூல்கள் உழைப்பாளியை அடங்கிப் போக வைக்கும். உடம்பு பொய் என்றால் கூலியும் பொய், கூரையும் பொய் என்றாகிவிடும் என்பது அது. அப்படி உபதேசிப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதால் இந்த எச்சரிக்கை அவசியம். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியது. அங்கே பிழைத்து நின்றவர்களிடம் உடம்பு நிலையற்றது என்று யாராவது போய்ச் சொல்லியிருந்தால் அதைவிடக் கொடுமை இல்லை. அவர்களுக்கு வேண்டியது பாதுகாப்பான நிலமும் வீடும். ‘இவர்களுக்கு என்ன உரிமை?’ என்று அரசிடம் கேட்க வேண்டியதும், ‘நான் யார்?’ என்று தனக்குள் கேட்க வேண்டியதும் இருவேறு கேள்விகள். ஒன்றுக்குரிய பதிலை மற்றதற்குக் கொடுப்பவர் இரண்டிலும் தவறுகிறார். ரமணரே ஆசிரமச் சமையலறையில் விடியுமுன் காய் நறுக்கியவர். பந்தியில் தமக்கெனத் தனியாக எதையும் பரிமாற விடாதவர். உடம்பு தானல்ல என்றவர், அடுத்தவரின் பசியைப் பொய் என்று சொல்லவில்லை. இதே ஊவாவில் 1940இல் வேவெஸ்ஸ தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து, தாங்களே தெரிந்தெடுத்த சபையோடு கலந்து நடக்கும்படி தோட்டத்துரையை இணங்க வைத்தார்கள். அதற்கு வேதாந்தம் தேவைப்படவில்லை. ஆனால் ‘கூலி’ என்ற பெயர் தன்னை முழுதும் சொல்லிவிடாது என்று உணர்ந்தவரால்தான் துரையின் முன் நிமிர்ந்து நிற்க முடியும். அந்த உணர்வுக்கு இந்த நூல்கள் பகையல்ல.

நூல்கள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றனவே என்பாரும் உண்டு. உண்மைதான், அதை மறைக்கவும் கூடாது. அத்வைதம், உள்ளே இருக்கும் அறிவும் பரம்பொருளும் ஒன்றே என்கிறது. கோயில்களில் நாம் வளர்ந்த சைவ சித்தாந்தம் அதை ஏற்பதில்லை. உயிர் இறைவனோடு பிரிவின்றிக் கலந்தாலும் இறைவனே ஆகிவிடாது என்கிறது. பதுளை நகரின் நடுவே முதியங்கணை விகாரையில் போதிக்கப்படும் பௌத்தமோ, ‘நான்’ என்று பிடித்துக்கொள்ள நிலையான எதுவுமே இல்லை என்கிறது. மூன்று பதில்களும் சமம் என்று சொல்லிக் கைகழுவுவது எனக்கு உடன்பாடில்லை. அவை சமமல்ல, வேறுபட்டவை, நூற்றாண்டுகளாக அறிஞர்கள் அவற்றைப் பற்றி வாதிட்டிருக்கிறார்கள். ஆனால் பெயரையும் செல்வத்தையும் சாதியையும் ‘நான்’ என்று கொள்வது மயக்கம் என்பதில் மூன்றும் உடன்படுகின்றன. தொடக்க வாசகருக்கு அந்த இடமே போதுமான தளம். அங்கிருந்து தன் அறிவைக் கொண்டு மேலே போகலாம்.

வாசித்தால் மட்டும் விழிப்பு வந்துவிடுமா? வராது. இதை நூல்களே சொல்கின்றன. சைவ சித்தாந்தம் கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை கூடல் என்று நான்கு படி வைக்கிறது. வாசிப்பு முதற்படியோடு சேர்ந்தது. மனத்தை உள்ளே திருப்ப வேண்டும் என்பது விளங்கிவிட்ட பிறகும் நூலுக்கு மேல் நூலாகப் படித்துக்கொண்டிருப்பதில் பயனில்லை என்று ரமணரும் சொல்லியிருக்கிறார். கைப்பேசியில் அடுத்தடுத்து ஓடும் விழிப்புக் காணொளிகளின் குறை அங்கேதான். கேட்டல் முடிவதே இல்லை. சிந்திக்க இடைவெளி கிடைப்பதில்லை. மூன்று நாளில் ஞானம், கட்டணம் இவ்வளவு என்று விற்பவர்களிடமிருந்து விலகியே இருக்க வேண்டும். இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். தூக்கமின்மை, தீராத சோர்வு, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் ஆகியவை ‘அகந்தை அழிவதன்’ அறிகுறிகள் அல்ல. அவற்றுக்கு மருத்துவர் வேண்டும். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை நாட்டின் எந்த மூலையிலிருந்தும் அழைக்கலாம்.

இந்த வாசிப்பைத் தோட்டத்தில் முறையாகச் செய்ய என்ன வழி? தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்ற 1977க்குப் பிறகு பிறந்தவர்களில் பெரும்பாலோர் வாசிக்கத் தெரிந்தவர்கள். மூத்தவர்களில் பலருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. நம் மரபில் முதற்படி ‘கேட்டல்’ என்பதால் இது குறையாக வேண்டியதில்லை. பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்களை ஒருவர் வாசிக்க ஊரே கேட்ட வழக்கம் நமக்குப் புதிதல்ல. தோட்டத்து மாரியம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்ததும் அரைமணி நேரம், ஒரு பக்கம் மட்டும், ஒருவர் உரக்க வாசிக்கலாம். வாசிப்பவர் சாதாரண தரம் படிக்கும் பிள்ளையாக இருக்கட்டும். வாசித்த பிறகு உபதேசம் வேண்டாம், கேள்விகளுக்கு நேரம் விடட்டும். ‘அப்படியானால் சாமி எதற்கு?’ என்று ஒரு சிறுமி கேட்டால் அதட்டாமல், அந்தக் கேள்வியை ஒரு கொப்பியில் எழுதிவைத்து, பதில் தெரியாதபோது அடுத்த வெள்ளிக்கு எடுத்துக்கொள்ளலாம். சமையலுக்கு விரைய வேண்டிய தாய்மாரும் இருந்து கேட்பதற்காக, அந்த ஒரு மாலை அடுப்பைப் பார்த்துக்கொள்வது வீட்டு ஆண்களின் பொறுப்பாக இருக்கட்டும்.