வலிமைக்கு மருந்துச் சீட்டு

உலகின் எந்த மூலையில் வலிமைப் பயிற்சியாளர் படிப்பில் சேர்ந்தாலும், முதல் சில வகுப்புகளுக்குள் பலகையில் ஒரு வளைகோடு வரைந்து காட்டிவிடுவார்கள். கோடு முதலில் சரியும். பிறகு ஏறி, புறப்பட்ட இடத்தையும் தாண்டும். மேலும் மேலும் சுமை ஏற்றினால் மறுபடி விழும். பளு தூக்கினால் உடல் தளர்கிறது, ஓய்வு கிடைத்தால் முன்னைவிடத் தேறுகிறது, விடாமல் படுத்தினால் படுத்தேவிடுகிறது என்று அர்த்தம். இந்தக் கோட்டின் பூர்வீகத்தைத் தேடினால் எந்த ஜிம்மிலும் போய் நிற்கமாட்டோம். 1930களில் மாண்ட்ரியலின் மக்கில் பல்கலைக்கழக ஆய்வகத்தில் நோயுற்றுக் கிடந்த எலிகளிடம் போய் நிற்போம்.

ஹான்ஸ் செலியே என்ற இளம் ஆய்வாளர் அங்கே புதிய பெண் ஹார்மோன் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். பசுக்களின் சூலகச் சாற்றை எலிகளுக்கு ஊசியில் ஏற்றினார். அட்ரினல் சுரப்பி பருத்தது, தைமஸ் சுருங்கியது, இரைப்பையில் புண் வந்தது. ஹார்மோன் அகப்பட்டுவிட்டதென்று அவருக்கு ஒரே மகிழ்ச்சி. ஆனால் சாற்றைச் சுத்திகரிக்கச் சுத்திகரிக்க விளைவு குறைந்துகொண்டே போனது. சந்தேகப்பட்டு, பிணத்தைப் பதப்படுத்தும் ஃபார்மலினை ஏற்றிப் பார்த்தார். அதே மூன்று அறிகுறிகள், இன்னும் பலமாக. குளிரில் வைத்தாலும், காயப்படுத்தினாலும், அளவுக்கு மீறி ஓடவிட்டாலும் அதேதான். அடி எதுவானாலும் உடல் ஒரே பாணியில் பதில் சொல்கிறது என்று 1936 ஜூலை 4 தேதியிட்ட ‘நேச்சர்’ இதழில் சின்னஞ்சிறு கடிதம் ஒன்றை வெளியிட்டார். முதலில் உடல் பதறும், பிறகு தாக்குப்பிடிக்கும், கடைசியில் ஓய்ந்துபோகும். இன்று பேச்சுக்குப் பேச்சு நாம் சொல்லும் ‘ஸ்ட்ரெஸ்’, இந்தக் கடிதத்தின் வழிவந்ததுதான். 1945இல் அவர் அதே ஊரின் மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். 1982இல் அந்த ஊரிலேயே இறந்தார்.

பளுதூக்கும் பயிற்சியாளர்கள் இந்த மூன்று கட்டங்களைப் பிற்காலத்தில் தங்கள் தொழிலின் அடிக்கல்லாக எடுத்துக்கொண்டார்கள். சமீப ஆண்டுகளில் சில ஆய்வாளர்கள் இதை மறுக்கிறார்கள். சாவின் விளிம்புவரை நஞ்சு ஏற்றிய எலியும், வாரத்துக்கு மூன்று நாள் ஸ்குவாட் போடும் வங்கி ஊழியரும் ஒன்றா என்கிறார்கள். நியாயமான கேள்விதான். கோடு தவறாகவே இருக்கட்டும், அதிலிருந்து கிளம்பிய கேள்வியை யாரும் தட்டிக்கழிக்க முடியவில்லை: எவ்வளவு? வலிமைப் பயிற்சியாளர் என்ற தொழிலே இந்த ஒற்றைக் கேள்விக்குப் பதில் சொல்லிப் பிழைப்பதுதான் என்பது என் கட்சி. பளுவை யார் வேண்டுமானாலும் தூக்கச் சொல்லலாம். போதும், இறக்கு என்று சொல்லத்தான் காசு.

எவ்வளவு என்று சொல்லுமுன் உடம்பில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். கனடாவின் ஹாமில்டன் நகரிலுள்ள மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு, கனமான பளு தூக்கிய இளைஞர்களின் கைத்தசையில் புரதம் எந்த வேகத்தில் உருவாகிறது என்று அளந்து 1995இல் வெளியிட்டது. நான்கு மணி நேரம் கழித்து வேகம் 50 சதவீதம் கூடியிருந்தது. 24 மணி நேரத்தில் இரண்டு மடங்கைத் தாண்டியிருந்தது. 36 மணி நேரத்தில் ஏறக்குறையப் பழைய நிலை. ஆள் ஜிம்மைவிட்டு வெளியேறி, சாப்பிட்டுத் தூங்கி எழுந்து, மறுநாள் வேலையில் உட்கார்ந்திருக்கும்போது தசை மும்முரமாகக் கட்டப்படுகிறது. ஜிம்மில் நடப்பது உத்தரவு மட்டுமே.

இன்னொரு விநோதம் உண்டு. புதிதாகச் சேர்ந்தவர் முதல் சில வாரங்களில் கிடுகிடுவென்று பலம் பெறுவார். நாடாவை வைத்து அளந்தால் தசை அநேகமாக அப்படியே இருக்கும். பெருகுவது நரம்பின் திறமை. தசை இழைகள் கூட்டம் கூட்டமாக நரம்புக்குக் கட்டுப்பட்டவை; பழகாத மூளைக்கு அவை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எழுப்பத் தெரியாது. பழகப் பழகத் தெரிந்துகொள்கிறது. 1894இலேயே யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்கிரிப்சர் என்பவர், ஒரு கையை மட்டும் பழக்கினால் பழக்காத மற்றக் கையும் பலப்படுகிறது என்று காட்டினார். 1992இல் குவாங் யூ, கெல்லி கோல் என்ற இருவர் இன்னும் ஒரு படி போனார்கள். ஒரு குழு சுண்டுவிரலை நான்கு வாரம் அழுத்திப் பழகியது. இன்னொரு குழு விரலை அசைக்காமல் அழுத்துவதாக நினைத்துக்கொண்டது. முதல் குழுவுக்குப் பலம் 30 சதவீதம் கூடியது. சும்மா நினைத்தவர்களுக்கு 22 சதவீதம்!

பயிற்சியாளர் வேலையில் இறங்கும் இளைஞர்கள் இந்த உண்மையைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொள்ள வேண்டும். முதல் மாதத்தில் வாடிக்கையாளருக்குக் கிடைக்கும் முன்னேற்றம் யாரிடம் போயிருந்தாலும் கிடைத்திருக்கும். அதைத் தன் கைராசி என்று நம்புகிறவர் நான்காம் மாதத்தில் முழிப்பார். நரம்பு தரும் இனாம் அப்போது தீர்ந்திருக்கும். தசை மெல்லத்தான் வளரும். வாடிக்கையாளருக்குச் சந்தேகம் வரும். கனடாவில் கோச் என்று பலகை மாட்ட அரசாங்க உரிமம் எதுவும் தேவையில்லை என்பதால், ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசம் வெளியே தெரிவதும் அந்த நான்காம் மாதத்தில்தான்.

படிப்படியாகக் கூட்டு என்ற சூத்திரம் பழையது. மாண்ட்ரியலின் சென்-ஆன்ரி பகுதியில் லூயி சீர் என்ற பயில்வானுக்குச் சிலை உண்டு. 1863இல் கியூபெக்கின் கிராமமொன்றில் பிறந்தவர், கொஞ்ச காலம் போலீஸ்காரர், பிறகு மதுக்கடை, சர்க்கஸ். 1895இல் பாஸ்டனில் 18 ஆட்கள் ஏறி நின்ற மேடையை முதுகால் தூக்கினார். மொத்தம் 4,337 பவுண்டு, அதாவது 1,967 கிலோ. இளவட்டக்கல் தூக்கிப் பெண் எடுத்த நம் ஊர் வீரர்கள் மன்னிக்க வேண்டும். இளமையில் அவர் ஒரு கன்றுக்குட்டியைத் தோளில் சுமந்து பழகினாராம், கன்று வளர வளரத் தானும் வளரலாமென்று. அது உதைத்ததும் தானிய மூட்டைக்கு மாறி, நாளுக்குக் கொஞ்சம் எடை கூட்டினாராம். கதை பாதி கட்டுக்கதையாக இருக்கலாம், மூட்டைக் கணக்கு மட்டும் சுத்தமான அறிவியல். கன்று எவ்வளவு வளரும் என்பது நம் கையில் இல்லை. மூட்டையில் எவ்வளவு போடுவது என்பது நம் கையில்.

இந்த மூட்டைக் கணக்கை வியாபாரமாக்கியவரும் மாண்ட்ரியல்காரர்தான். போலந்திலிருந்து வந்த ஏழை யூதக் குடும்பத்துப் பிள்ளை ஜோ வீடர், பழைய இரும்பைப் பொறுக்கித் தன் முதல் பார்பெல்லைச் செய்துகொண்டார் என்பார்கள். 1940இல் ஏழு டாலர் சேமிப்போடு ‘யுவர் ஃபிசீக்’ என்ற பத்திரிகையைத் தொடங்கினார். பத்திரிகை ஆசையைக் கிளப்பியது, தபாலில் பளு போனது. 1946இல் தம்பி பென்னோடு சேர்ந்து சர்வதேச ஆணழகர் கூட்டமைப்பையும் உண்டாக்கினார்; அர்னால்ட் ஷ்வார்ஸ்னேகரை 1968இல் அமெரிக்காவுக்கு அழைத்ததும் அவரே. நல்ல வியாபாரி. ஆனால் நோட்டம் போகப்போகச் சத்துமாவுப் பக்கம் சாய்ந்தது. தசை வளர்க்கும் மாத்திரை என்று செய்த விளம்பரங்களுக்காக 1985இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்திடம் பணிந்து போக வேண்டிவந்தது. மூட்டைக்கு எடை கூட்டுவதை விற்பது கடினம். டப்பாவை விற்பது சுலபம்.

அதைவிடச் சுலபம், வராத ஆளுக்கு இடம் விற்பது. 2006இல் டெல்லாவிக்னா, மால்மென்டியர் என்ற பொருளியலாளர்கள் அமெரிக்க ஜிம்கள் மூன்றின் கணக்கைப் புரட்டினார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் சந்தா கட்டியவர்கள் சராசரியாக மாதத்துக்கு 4.3 தடவைதான் வந்தார்கள். வருகைக்கு 17 டாலர் விழுந்தது. பத்து வருகைக்கான சீட்டை எடுத்திருந்தால் அங்கேயே வருகைக்குப் பத்து டாலர்தான் விழுந்திருக்கும். எல்லாரும் தினமும் வந்துவிட்டால் பெரிய ஜிம்மில் நிற்க இடம் இருக்காது. சிறிய கூடம் வைத்திருக்கும் பயிற்சியாளரின் கணக்கோ நேர் எதிர்: ஆள் வராவிட்டால் பலம் ஏறாது, பலம் ஏறாவிட்டால் அடுத்த மாதச் சந்தா இல்லை.

ஆனால் வருகிற ஆள் எதை எதிர்பார்த்து வருகிறார்? நொந்துபோவதை. மறுநாள் படியேற முடியாவிட்டால்தான் கொடுத்த காசு செரித்ததாக நினைக்கிறார். அந்த வலி ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் உச்சத்துக்கு வரும். பழகாத இயக்கத்தால் தசையிலும் அதைச் சுற்றியும் ஏற்படும் நுண்ணிய சிதைவின் விளைவு. பலம் கூடியதற்கு அது சான்றல்ல. இதை வாடிக்கையாளர் முகத்துக்கு நேரே சொல்லியும் கூடத்தை நிரப்பியவர் ஃபிராஸ் ஜஹாபி. கன்கார்டியா பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்தவர். தமிழ்க் குடும்பங்களும் வாழும் கோட்-தே-நேஜ் வட்டாரத்தில் உள்ள ட்ரைஸ்டார் கூடத்தின் தலைமைப் பயிற்சியாளர். கலப்புச் சண்டை வீரர் ஜார்ஜ் சென்-பியேரைப் பழக்கியவர். 2018இல் பாட்காஸ்ட் நடத்தும் ஜோ ரோகனுடன் பேசியபோது அவர் போட்ட புல்-அப் கணக்கு சண்டைக்காரர்களைத் தாண்டியும் பரவிவிட்டது. உங்களால் அதிகபட்சம் பத்து முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். திங்களன்று பத்தையும் போட்டால் வியாழன்வரை கை தூக்க முடியாது. வாரத்துக்கு இருபது தேறும். தினமும் ஐந்தோடு நிறுத்தினால் முப்பத்தைந்து. வலியும் இல்லை, நாளைக்கும் வரத் தோன்றும்.

இந்தத் தொழிலில் மிகச் சங்கடமான நேரம் ‘லேசான வாரம்’. சில வாரங்கள் ஏற்றியபின் ஒரு வாரம் பளுவைப் பாதியாகக் குறைக்கச் சொல்வார் பயிற்சியாளர். காசு கொடுத்துச் சும்மா இருப்பதா என்று முகம் சுளிப்பார் வாடிக்கையாளர். நான் மாண்ட்ரியலில் கூடம் நடத்தினால் அந்த வாரத்தை ஜூலைக் கடைசியில் வைத்துக்கொள்வேன். கியூபெக்கில் கட்டுமானத் தொழிலாளர் பெரும்பாலோருக்கு அப்போது இரண்டு வாரம் விடுமுறை. பாதி மாகாணம் ஏரிக்கரைக்கும் கடற்கரைக்கும் கிளம்பிவிடும். இரண்டு வாரம் பார்பெல்லைத் தொடாமல் இருந்தாலும் பழகியவருக்குப் பலம் குறிப்பிடத்தக்க அளவு குறையாது. ஊருக்குப் போகிற ஆளிடம் பயிற்சித் திட்டமாக ஒரு சீட்டை நீட்டலாம்: நன்றாகத் தூங்கவும், நீந்தவும், திங்களன்று வரவும். சந்தாவில் தள்ளுபடி கிடையாது.