கொடை விழா வில்லுப்பாட்டும் கையடக்க ஒலிப்பதிவுக் கருவித் தேர்வும்: நாஞ்சில் நாட்டுக் கள அனுபவம்

ஆய்வுச் சுருக்கம்

நாஞ்சில் நாட்டுக் கொடை விழாக்களில் பாடப்பெறும் வில்லுப்பாட்டைப் பதிவு செய்ய எத்தகைய கையடக்கக் கருவி ஏற்றது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. எழுத்துப்படியில் எந்த வரி எஞ்சும், எந்த வரி மறையும் என்பதைக் கருவியே பெரிதும் முடிவு செய்கிறது என்பது இதன் துணிபு.

குறிச்சொற்கள்: வில்லுப்பாட்டு, கொடை, களப்பணி, ஒலிப்பதிவு, நாஞ்சில் நாடு

முன்னுரை

கன்னியாகுமரி மாவட்டத்தின் தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்களில் அம்மன், இசக்கி, சுடலைமாடன் முதலிய தெய்வங்களுக்கு எடுக்கப்பெறும் கொடைகளில் வில்லுப்பாட்டு சடங்கின் ஓர் உறுப்பாகவே நிகழ்கிறது. வில்லின் மணிகள், குடம், உடுக்கை, தாளம், கட்டை ஆகியவற்றின் நடுவே முதன்மைப் பாடகர் கதையைப் பாடியும் வசனமாகச் சொல்லியும் நடத்துகிறார். இம்மாவட்டக் கள ஆய்வின் அடிப்படையில் 1988இல் ‘சிங்கிங் ஆஃப் பெர்த் அண்ட் டெத்’ என்னும் நூலை வெளியிட்ட ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், கதைமாந்தர் இறந்துபடும் பகுதிக்கும் சாமியாட்டத்துக்கும் உள்ள நெருங்கிய உறவை எடுத்துக்காட்டினார். ஒலியும் அங்கேதான் உச்சத்தை எட்டுகிறது. உடுக்கை விரைகிறது, பெண்கள் குலவையிடுகின்றனர், நையாண்டி மேளம் சேர்ந்துகொள்கிறது, வெளியே வெடி வெடிக்கிறது. ஆய்வாளர் இழக்கக்கூடாத வரிகள், கருவி திணறும் அதே நொடியில் பாடப்பெறுகின்றன.

கைப்பேசிப் பதிவின் குறை

இக்கட்டுரையாளர் தம் முதற் கொடையைக் கைப்பேசியிலேயே பதிவு செய்தார். கேட்கும்போது பதிவு நன்றாகவே இருந்தது. எழுதத் தொடங்கியபோதுதான் குறை புலப்பட்டது. கைப்பேசிச் செயலி ஒலிமட்டத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் இயல்புடையது. ஒவ்வொரு வெடிக்குப் பின்னும் அது மட்டத்தைத் தாழ்த்திற்று. மீண்டு வருவதற்குள் இரண்டு மூன்று சொற்கள் அமிழ்ந்தன. சாமியாட்டப் பகுதியின் எழுத்துப்படியில் ‘தெளிவில்லை’ என்னும் குறிப்பே மிகுதி. பின்னர்ப் பாடகரின் இல்லம் சென்று அப்பகுதியை மீண்டும் பாடக் கேட்டபோது, அவர் அன்புடன் பாடினார். ஆயின் வரிகள் வேறாயிருந்தன. கொடையில் நிகழ்ந்த பாடம் மீளவில்லை.

கருவியிற் காண வேண்டியவை

எனவே முதலில் நோக்க வேண்டியது, ஒலிமட்டத்தைக் கையால் அமைக்க இயலுமா, தன்னியக்கக் கட்டுப்பாட்டை முற்றிலும் நிறுத்த இயலுமா என்பதே. கையால் அமைக்கும்போது உச்சத்துக்கு இடம் விட்டுத் தாழ்வாகவே வைத்தல் நன்று. 24 பிட் பதிவில் தாழ்ந்த வசனத்தைப் பின்னர் உயர்த்திக்கொள்ளலாம். வெட்டுப்பட்ட உச்சியை மீட்க இயலாது. டாஸ்காம் டி.ஆர்.-40எக்ஸ் போன்றவை, தாழ்ந்த மட்டத்தில் மற்றொரு காப்புப் பதிவையும் உடன் எடுக்கும். ஜூம் எச்1 எசென்ஷியல், எச்4 எசென்ஷியல் போன்ற அண்மைக் கருவிகள் 32 பிட் மிதவைப் புள்ளி முறையில் பதிவதால் மட்டம் அமைக்கும் கவலையே பெரிதும் நீங்குகிறது. எனினும் விளம்பரங்கள் சொல்லும் அளவுக்கு இதை நம்புதல் தவறு. ஒலிவாங்கியே தாங்காத ஓசையை எந்த முறையும் சீராக்காது.

அடுத்தது வெளி உள்ளீடு. இன்று பெரும்பாலான கொடைகளில் மைக் செட் உண்டு. கருவியின் உள்ளமை ஒலிவாங்கிக்கு எட்டுவது பாடகர் குரலன்று, குழாய் ஒலிபெருக்கியின் இரைச்சலே. மைக் செட்காரரிடம் முன்னரே பேசி, அவருடைய மிக்சரிலிருந்து ஓர் இணைப்பைப் பெற்றால் சொற்கள் துலங்கும். ஆயின் அதில் குலவையும் கூட்டமும் இரா. இரண்டையும் தனித்தனித் தடங்களில் ஒரே வேளையில் பதியும் நான்கு தடக் கருவி இதனாலேயே கூடுதல் விலைக்குத் தகுதியுடையது. அவ்விணைப்பு லைன் மட்டத்தில் வருவது. மைக் மட்டத்தில் வாங்கினால் பதிவு கெடும். கருவியை மின்கலத்தில் இயக்கினால் மின் இரைச்சலும் குறையும். நள்ளிரவுப் பூசை வேளையிலும் ஊர்ப் பெட்டிக்கடையைத் தட்டி வாங்கக்கூடிய ஏஏ மின்கலங்களில் இயங்குவது பெரிய வசதி!

ஒலி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கமான ஐயாசா, குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவைப் பரிந்துரைக்கிறது. இவ்வளவில் இருதடப் பதிவு மணிக்கு ஏறத்தாழ 1 ஜிபி இடம் கொள்ளும். இரவு முழுதும் பாடினும் 32 ஜிபி அட்டை போதும்.

ஆரல்வாய்மொழிக் கணவாய் வழி வீசும் காற்றை அறிந்தோர்க்கு மென்மயிர் உறையின் தேவையைச் சொல்ல வேண்டியதில்லை. காற்றொலியைக் குறைக்கக் கருவியின் தாழொலி வடிகட்டியை இயக்குவோர் உளர். அது குடத்தின் அடியொலியையும் உடன் அரித்துவிடும். உறையே தக்கது.

வெளியிடுதல்

பாட்காஸ்டுக்கு எம்பி3 படியை எடுத்துக்கொண்டு, மூல வேவ் கோப்பை மாற்றாமல் இரண்டு இடங்களில் காத்தல் வேண்டும். பாடகர், கோயில் நிருவாகத்தார் இசைவு பதிவுக்கு வேறு, வெளியீட்டுக்கு வேறு. நல்ல கருவி வேண்டாததையும் தெளிவாகப் பிடிக்கும். கோமரத்தாடி ஒரு குடும்பத்தாரை அழைத்துத் தாழ்ந்த குரலில் சொல்லும் குறி, கைப்பேசிப் பதிவில் இரைச்சலில் மறைந்திருந்தது. புதிய கருவியில் பெயரோடு தெளிவாகக் கேட்கிறது. அப்பகுதிகளை இக்கட்டுரையாளர் ஆய்வேட்டிலும் சேர்க்கவில்லை.